மேல் ஸ்க்ரூவின் வாஷர்

மறுநாள் காலையில் படகை வாங்க ஆள் வரப்போகிறார். அப்படியிருக்கும்போது முந்தின நாள் மத்தியானம் அதே படகின் மோட்டாரை இறக்கிப் போட்டுக்கொண்டு யாராவது உட்காருவார்களா? பாப்பா உட்கார்ந்தாள். தகரக் கூரை அனலைக் கக்கிக்கொண்டிருந்த அண்ணனுடைய பட்டறையில், பக்கத்தில் கைப்பம்பும் ஒரு குவளை சோப்புத் தண்ணீருமாக. போனது போகட்டும் என்று விட்டுவிடுகிற குணம் அவளுக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் படகு விற்றுப்போயிருக்கும், அவளும் நிம்மதியாக ஏமாந்திருப்பாள்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். அப்பா அப்படிக் கூப்பிட்டார், அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், கடைசியில் ஆற்றின் இரண்டு கரையிலும் அதுவே பெயராகிவிட்டது. பள்ளிக்கூட டீச்சர்கள்கூட வாய் நிறைய "பாப்பா, கொஞ்சம் நில்லு, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. ஆறு கடலைத் தொடுகிற இடத்தில், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் படகு விட்டாள். பாலம் வெகு தூரத்தில் இருந்தது. சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் வீண். அதனால் வேலைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் காய்கறிக் கூடைக்காரர்களும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். அவளுக்கும் அந்த நம்பிக்கை பிடித்திருந்தது. ஆணுக்கு நிகராக என்றெல்லாம் யாராவது மேடைப்பேச்சு பேசினால் எரிச்சல்படுவாள். படகு விடத் தெரியும், விடுகிறேன், அவ்வளவுதான் என்பாள்.

கெட்டுப்போனது படகு இல்லை, அதன் பின்னால் தொங்குகிற மோட்டார். பழைய மோட்டார்தான், ஆனால் கல் மாதிரி இருந்தது. அதன் அடிப்பகுதியில், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நிற்கிற கியர் பாக்ஸில்தான் வினை. அதற்குள் இருக்கிற ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். மாதாமாதம் அண்ணன் அதை வடிக்கும்போது பால் ஊற்றிய காபி மாதிரி வந்தது. அப்படி வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் புகுந்தால் கியர் பற்களுக்கு ஆயுசு அதிகமில்லை.

அண்ணன் தலையைச் சொறிந்தான். விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட்டில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீல் போயிருக்கும், தூண்டில் நரம்பு ஏதாவது சுற்றி அறுத்திருக்கும் என்று சொல்லி இரண்டு சீலையும் மாற்றினான். அடுத்த மாதமும் காபிதான். மேலே இருந்து இறங்குகிற ஷாஃப்ட்டின் சீல் என்றான். அதையும் மாற்றினான். மறுபடியும் காபி. அப்புறம் ஒருநாள் அவளையே பக்கத்தில் உட்காரவைத்துப் பம்ப் அடித்துக் காட்டினான். ஆயிலை வடித்துவிட்டு, கியர் பாக்ஸின் மேல் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் பம்பின் குழாயை முறுக்கி, காற்றடித்துப் பார்க்கிற சோதனை. எங்காவது ஓட்டை இருந்தால் மீட்டரின் முள் இறங்கும், சோப்புத் தண்ணீர் தடவிய இடத்தில் குமிழி கிளம்பும். முள் அசையவே இல்லை. ஷாஃப்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், அப்போதும் அசையவில்லை.

இரும்புக்கு வயசாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கிறது, ஓடிச் சூடேறும்போதுதான் அது வாய் திறக்கும் என்று அண்ணன் விளக்கினான். இந்த மாதிரி மோட்டாருக்கு இனிமேல் கியர் பாக்ஸ் தேடினாலும் கிடைக்காது என்றும் சொன்னான். அண்ணன் சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது. அப்பா நாற்காலியில் முடங்கியபின் இந்தப் பட்டறையை எடுத்து நடத்துகிறவன் அவன். பம்ப் சோதனைகூட அப்பா சொல்லிக்கொடுத்த முறைதான்.

அதற்கப்புறம் நடு ஆற்றில் கியர் நழுவியது. படகு நிறைய ஆள். மோட்டார் கத்துகிறது, விசிறி சுற்றவில்லை, நீரோட்டம் படகைக் கடல் பக்கம் இழுக்கிறது. பாப்பா ஒற்றைத் துடுப்பைப் போட்டாள், பலகையைப் பிடுங்கி ஆளாளுக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள், மாசமாக இருந்த ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். எப்படியோ மணல்மேட்டில் ஒதுங்கினார்கள். அன்றைக்குப் பட்டறையில் வந்து பாப்பா குலுங்கிக் குலுங்கி அழுதபோது அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். போதும், விட்டுடு என்றான். இருந்தும் தேய்ந்த பாகத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றி, கடைசியாக ஒருமுறை ஓட்டிப்பார் என்று கொடுத்தான். ஒரே வாரத்தில் ஆயில் வெளுத்தது. பாப்பாவும் மனசை விட்டாள். விலை பேசி ஆள் பார்த்ததுகூட அண்ணன்தான். மோட்டாரோடு சேர்த்து எடுத்துக்கொள்ள அக்கரையில் ஒருவர் தயாராக இருந்தார். படகு போனால் படகுத்துறையில் அவள் இடமும் போகும். ஒருமுறை விட்ட இடத்தை அங்கே யாரும் திருப்பித் தந்ததில்லை.

அப்படியென்றால் இப்போது எதற்கு இந்தப் பம்ப் வேலை? வாங்குகிறவரிடம் மறைத்து விற்க அவளுக்கு மனசு வரவில்லை. விரிசல் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்பது என்று முடிவு செய்திருந்தாள். எங்கே என்று அவர் கேட்டால் விரல் வைத்துக் காட்ட வேண்டாமா? அண்ணன் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தான். பட்டறைச் சாவி எப்போதும் அவளிடமும் ஒன்று இருக்கும்.

ஆயிலை வடித்துவிட்டு மேல் துளையில் குழாயை மாட்டினாள், காற்றடித்தாள், சோப்புத் தண்ணீரில் கியர் பாக்ஸைக் குளிப்பாட்டினாள். முள் நின்ற இடத்தில் நின்றது. சூடேறினால் விரிசல் திறக்கும் என்றானே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு குமிழி இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகத் தடவினாள். விரிசலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாச் சீலும் நன்றாக இருக்கிறது, எல்லா மூடியும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆற்றில் இறக்கினால் தண்ணீர் மட்டும் உள்ளே போகிறது. என்ன கூத்து இது என்று கோபமாக வந்தது.

கோபத்தில் குழாயைப் பிடுங்கத்தான் போனாள். கை அந்த மேல் துளையிலேயே நின்றுவிட்டது. இத்தனை மாதமாக எல்லா இடத்தையும் சோதித்தாயிற்று. சோதிக்காத ஒரே இடம் இந்தத் துளை. சோதனை செய்யும்போதெல்லாம் இதில் பம்பின் குழாய் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதை ஆற்றில் மூடுகிற ஸ்க்ரூவும் அதன் வாஷரும் அப்போது தட்டில் கிடக்கின்றன.

அவசரமாகக் குழாயைக் கழற்றி, ஆயில் வடிக்கிற கீழ்த் துளையில் மாட்டினாள். மேல் துளையை அதன் சொந்த ஸ்க்ரூவைப் போட்டு, சொந்த வாஷரோடு இறுக்கினாள். காற்றடித்தாள். மீட்டரின் முள் ஏறியது, ஒரு கணம் நின்றது, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. மேல் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி சோப்புத் தண்ணீர் பொடிப்பொடியாக நுரைத்தது.

பாப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆளில்லாத பட்டறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சட்டைப் பொத்தான் அளவு வாஷர், அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பெரிய மெக்கானிக்காம், சீல் மாற்றினானாம், இரும்புக்கு வயசாகிவிட்டதாம். வரட்டும், மனுஷனை ஒரு வருஷத்துக்கு ஓட்டித் தள்ளுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். படகு பிழைத்தது, துறை பிழைத்தது. வாங்க வருகிறவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம். அந்தச் சந்தோஷத்திலேயே ஸ்க்ரூவைத் திருகி எடுத்து வாஷரைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

புது வாஷர். கடையில் அவளே வாங்கிவந்து கொடுத்தது. நசுங்கவில்லை, நைந்துபோகவில்லை. உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைக்கும் ஒரே ஒரு கீறல். தானாக வெடித்தது கோணல்மாணலாக இருக்கும். இது அளந்து வைத்து பிளேடால் இழுத்த மாதிரி நேராக இருந்தது.

கடையிலேயே பழுதோடு வந்திருக்கலாம் என்று மனசு உடனே வக்காலத்துக்கு வந்தது. பாவம் மனசு, அது வேறென்ன செய்யும். பாப்பா எழுந்து சுவர் ஓரம் போனாள். அண்ணனுக்கு ஒரு பழக்கம். மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய வாஷரை எறிய மாட்டான். மோட்டாருக்கு ஒரு கம்பி வைத்து, கழற்றக் கழற்ற அதில் கோத்து ஆணியில் தொங்கவிடுவான். புதுசு போட்டதாகச் சொல்லிப் பழசையே போட்டுவிட்டான் என்று எவனும் தன்னைச் சொல்லிவிடக்கூடாதாம். யோக்கியனுக்கு அத்தாட்சி. கடைசி ஆணியில் அவளுடைய மோட்டாரின் கம்பி தொங்கியது.

அடியில் கிடந்தவை வருஷக்கணக்காகப் பழையவை. நசுங்கி, கறுத்து, ஆனால் முழுசாக இருந்தன. மேலே வரவர, இந்த ஆறேழு மாதத்து வாஷர்கள். ஒவ்வொன்றிலும் அதே நேர்க்கீறல். ஒன்றுகூடத் தப்பவில்லை. பழக்க தோஷத்தில் அவன் அதையும் வரிசை தவறாமல் கோத்து வைத்திருந்தான்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவன் சீல் மாற்றும்போது தான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. விரிசலைத் தேடுகிறேன் என்று அவன் முட்டி போட்டுத் தேடியது ஞாபகம் வந்தது. ஐயோ, அவனுக்கு முட்டி வலிக்குமே என்று அவள் சாக்கு மடித்துப் போட்டாள்.

அண்ணன் சாயங்காலம் வெயில் இறங்கும்போது வந்தான். வாசலிலேயே எல்லாம் கண்ணில் பட்டுவிட்டது. கீழ்த் துளையில் குழாய், மேல் ஸ்க்ரூவில் நுரை காய்ந்த தடம். இருந்தும் சமாளித்துப் பார்த்தான். வாஷர்தானா, இந்தக் காலத்தில் எதையும் நம்பி வாங்க முடிவதில்லை, மட்டச் சரக்கு, சூட்டில் வெடித்திருக்கும் என்று இழுத்தான். பாப்பா கம்பியைத் தூக்கிக் காட்டினாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டான்.

"ஏன்ணா?" என்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். வேறு ஊரில் பெரிய துறைமுகப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீடும் அவர்களே தருகிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். அண்ணி தினமும் பிடுங்கி எடுக்கிறாள். ஆனால் இடுப்பு உடைந்து நாற்காலியே கதியென்று கிடக்கிற அப்பா இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். பகலில் அண்ணி பார்த்துக்கொள்கிறாள், சாயங்காலத்தில் பாப்பா பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் போய்விட்டால் பகலில் யார்? படகு இல்லையென்றால் பாப்பா வீட்டில்தானே இருப்பாள்.

"உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல பாப்பா."

"வாயால கேக்கறது."

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே."

"கேக்கவே இல்லையே நீ." அவள் குரல் உயரவில்லை. "படகுல ஆள் இருந்தாங்கண்ணா. மாசமா ஒரு பொண்ணு இருந்தா."

கியர் நழுவும் அளவுக்குப் போகும் என்று தான் நினைக்கவில்லை என்றான். ஆயில் வெளுக்கும், அவள் பயந்துபோய் விற்றுவிடுவாள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்றுதான் கணக்குப் போட்டானாம். பாப்பா கையிலிருந்த வாஷரை அவன் முன்னால் பெஞ்சில் வைத்தாள்.

"இது கம்பியில இருந்து எடுத்தது இல்ல. மோட்டார்ல இருந்து இப்ப கழட்டினது. நடு ஆத்துல நின்னு, நான் வந்து உன்கிட்ட அழுதேனே, அதுக்கப்புறம் நீ போட்டது."

நான் மட்டும் இல்ல பாப்பா என்று என்னமோ ஆரம்பித்தான், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணியைச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பழியைப் பெண்டாட்டி தலையில் கட்டப் பார்க்கிறானே என்று அதற்கும் சேர்த்து வெறுப்பு வந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்க அவளே வேலையை முடித்தாள். துளையின் வாயைத் துணியால் துடைத்தாள். வாங்கி வைத்ததில் மிச்சமிருந்த வாஷர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பழுதில்லாததை எடுத்துப் போட்டுக் காற்றடித்தாள். முள் நின்றது. கீழ்த் துளை வழியாகப் புது ஆயிலை ஏற்றினாள். மேலே வழிந்ததும் மேல் ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு கீழே மூடினாள். இனி கொஞ்ச நாள் கழித்துக் கியரைப் பிரித்துத் துரு பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு வேறு ஆளைத் தேடிக்கொள்வாள். வாங்க வருகிறவருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல் என்றாள். அண்ணன் அவள் எதிரிலேயே போன் போட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு ஒரே கவலை அப்பாவைப் பற்றித்தான். அண்ணன் செய்ததை அவரிடம் சொல்வதா வேண்டாமா? மகன் என்றால் உயிர் அவருக்கு. இந்த நிலைமையில் இதைக் கேட்டால் மனசு உடைந்துபோவார். அந்த மனுஷராவது நிம்மதியாக இருக்கட்டும், தன்னோடு போகட்டும் என்று வழியிலேயே தீர்மானம் பண்ணிக்கொண்டாள். வீட்டில் தனக்கென்று ஒருவர் மிச்சமிருக்கிறார் என்பதில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

அப்பா நாற்காலியில் இருந்தார். அண்ணி இவளைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள். எப்போதும்போலப் பாப்பா தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கால்களை அதில் எடுத்து வைத்தாள். நாள் முழுக்க உட்கார்ந்து வீங்கிய கால்கள். பாதத்தை அழுத்திவிட்டபடி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மோட்டார் சரியாகிவிட்டது, படகை விற்கவில்லை என்றாள். எங்கே ஒழுகியது, யார் என்ன செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்து நிமிர்ந்தாள். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்ப அவன் எப்படிம்மா கிளம்புவான்?" என்றார்.

அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ ஒற்றை ஆள், உனக்குச் சோறு போட நானிருக்கிறேன், வீடு இருக்கிறது. அவன் பயந்தான், கூடாது என்றுகூடச் சொன்னான், தான்தான் தைரியம் சொன்னது என்றார். பேச்சில் கெஞ்சல் இருந்தது, வெட்கமும் இருந்தது. ஆனாலும் நியாயம் தன் பக்கம்தான் என்கிற தொனி போகவில்லை.

"மேல் ஓட்டையில நீ பாக்க மாட்டேன்னு நினைச்சேன் பாப்பா. பம்பை அங்க மாட்டத்தானே உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன்."

அண்ணன் செய்ததற்குக் கோபம் வந்தது, இதற்குக் கோபம்கூட வரவில்லை. இந்தக் கால்களுக்காகத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் கடைசி நடையை முடித்துவிட்டு ஓடிவந்தாள். நடு ஆற்றில் தத்தளித்த அன்றைக்கும் ஈரத் துணியோடு வந்து முதலில் இவர் காலைத்தான் கழுவினாள். எல்லாம் கேட்டுவிட்டு, பத்திரமா வந்தியேம்மா என்று இவரும் கண் கலங்கினார்.

பாப்பா துண்டை எடுத்தாள். ஒரு காலைத் தூக்கித் துடைத்தாள், விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். மற்றதையும் அதேபோலத் துடைத்துக் கீழே வைத்தாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில முதல் நடைக்குப் படகு போகும். உங்களை யார் பாத்துக்கறதுன்னு நீங்களும் உங்க மகனும் பேசிக்குங்க" என்றாள்.

அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வாசற்படியில் நின்றாள், திரும்பவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, படகை நானே நிறுத்தியிருப்பேன்ப்பா."

வெளியே போய்த் தண்ணீரைக் கொட்டினாள்.